நாரி நோவுக்கு ஊசி சரி, சீனிக் குளிசைய ஏன் நிப்பாட்டணும்? அக்குபங்சர் பத்தி கொஞ்சம் விரிவா

மட்டக்களப்புல இருந்து கல்முனை ரோட்டால அக்கரைப்பத்து மட்டும் போனா அக்குபங்சர் (சீன ஊசி வைத்தியம்), ஹிஜாமா, கப்பிங் (தோலுல கப்பக் கவுத்து உறிஞ்ச வைக்கிறது) எண்டு போர்ட் போட்ட இடங்கள் இப்ப கண்ணுல படுது, அது காணாதெண்டு வாட்ஸப்ல வாற வீடியோக்கள் வேற, எந்த வருத்தமா இருந்தாலும் ஒரே ஊசி, சீனி பிரஷர் கொலஸ்ட்ரோல் எல்லாத்துக்கும் குளிசை இல்லாமத் தீர்வு எண்டு. வீட்டுல இருக்கிற அம்மா அப்பாமார் அதப் பாத்துட்டு "மனே, ஒருக்கா போய்ப் பாப்பமா" எண்டு கேக்கிறாங்க. நியாயமான கேள்விதான், ஆனா அதுக்கு ஒழுங்கா பதில் சொல்ல நம்மட பக்கம் ஆள் குறைவு. என்ட பதில முதல்லயே சொல்லிடுறன். நாட்பட்ட நோவுக்கும் ஓங்காளத்துக்கும் இந்த ஊசி உதவும், அதுக்கு நல்ல ஆராய்ச்சி இருக்கு. சீனி வருத்தம், பிரஷர், கிட்னி வருத்தத்துக்கு டொக்டர் தந்த மருந்துக்குப் பதிலா இத வைக்க ஏலாது, அப்பிடி வைக்கச் சொல்லுற ஆள்ட கதிரையில இருந்து எழும்பி வந்துடுங்க.

சீன வைத்தியத்துட அடிப்படை என்னெண்டா, உடம்புக்குள்ள "சீ" எண்ட உயிர்ச்சக்தி ஓடுது, அது ஓடுற பாதைகள் இருக்கு, பிரதானமா 12, அதோட உடம்புக்கு நடுவால முன்னுக்கும் பின்னுக்கும் போற 2 பாதை. ஓட்டம் எங்கயாவது தடைப்பட்டா, இல்லாட்டி கூடிக் குறைஞ்சா வருத்தம் வரும், பாதையில இருக்கிற சில புள்ளிகள ஊசியால தூண்டினா ஓட்டம் சீராகும் எண்டுறது அவங்கட கணக்கு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நிபுணர் குழுவ வைச்சு இந்தப் புள்ளிகள் எது எது எங்க இருக்கு எண்டு ஒழுங்குபடுத்தி 2008ல வெளியிட்டுது, மொத்தம் 361. இதுக்கெல்லாம் மூலமான மஞ்சள் பேரரசர் நூல் 2000 வருசத்துக்கு மேல பழசு. சொங் பேரரசர் காலத்துல, 1027 அளவுல, ஆள் உயரத்துக்கு வெண்கலத்துல மனிச உருவம் வார்த்து புள்ளி இருக்கிற இடமெல்லாம் துளை போட்டு, மேல மெழுகு பூசி உள்ளுக்க தண்ணி ஊத்தி வைச்சு மாணவர்மாருக்குச் சோதினை வைச்சிருக்காங்க. சரியான இடத்துல குத்தினா தண்ணி கசியும், பிழைச்சா ஊசி இறங்காது. பரம்பரைக் கைமருந்தா மட்டும் இல்லாம அரசாங்கமே பாடமா வைச்சுப் படிப்பிச்ச ஒரு முறை எண்டு இதுல விளங்கும்.

நம்மட ஆக்களுக்கு இதெல்லாம் அந்நியமாப் படாது. நாடி பாக்கிறது, நாக்கப் பாக்கிறது, இந்தச் சாப்பாடு சூடு அது குளிர்ச்சி எண்டு பிரிக்கிறது, வாடைக்காத்து பட்டா மூட்டு பிடிக்கும் எண்டுறது எல்லாம் பரிசாரிமார்ட்ட கேட்டு வளந்த கதைதான், சீனாக்காரரும் காத்து, குளிர், ஈரம் எண்டுதான் வருத்தத்துட காரணத்தப் பிரிக்கிறாங்க. இத வைச்சுக்கொண்டு சில பேர் "அக்குபங்சரே நம்மட வர்மத்துல இருந்து போனதுதான், போதிதர்மர் கொண்டு போனது" எண்டு அடிச்சு எழுதுறாங்க. அதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல. போதிதர்மர் சீனாவுக்குப் போனதாச் சொல்லுறது 5ம் 6ம் நூற்றாண்டுல, ஊசிப் புள்ளிகள் பத்தின சீன நூல்கள் அதுக்கு எத்தனையோ நூறு வருசம் முந்தினது. நம்மட வைத்தியத்துக்கு அதுட சொந்தப் பெருமை தாராளமா இருக்கு, அடுத்தவன்ட சாமான நம்மடதெண்டு சொல்லித்தான் பெருமை தேடணும் எண்டு இல்ல.

இன்னொரு விசயம், சீனாவிலயே இது எப்பவும் உச்சத்துல இருந்த வைத்தியம் இல்ல. 1822ல சிங் பேரரசர் அரச வைத்தியக் கல்லூரியில ஊசி வைத்தியப் பிரிவையே மூடச் சொல்லிட்டார். 1950கள்ல மாவோ காலத்துலதான் அரசாங்கம் அத கிறுகித் தூக்கி நிப்பாட்டினது, காரணமும் லேசுல விளங்கும், அவ்வளவு சனத்தொகைக்கு இங்கிலீஷ் மருந்து படிச்ச டொக்டர்மார் கொஞ்சம் பேர்தான், கிராமத்துல இருந்ததெல்லாம் நாட்டு வைத்தியர்மார்தான். மேற்கு நாடுகளுக்குத் தெரிய வந்தது 1971ல. ஜேம்ஸ் ரெஸ்ரன் எண்ட நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையாளர் பீக்கிங்ல நிக்கக்குள்ள அப்பண்டிசைற்றிஸ் வந்து ஒபரேசன் செஞ்சாங்க. ஒபரேசன் வழமையான விறைப்பு மருந்து குடுத்துத்தான் நடந்தது, அதுக்குப் பிறகு வயிறு ஊதி நொந்தப்பதான் வலது முழங்கையிலயும் முழங்காலுக்குக் கீழயும் ஊசி குத்தி, மூலிகையக் கொளுத்தி வயித்துக்குக் கிட்டப் புடிச்சிருக்காங்க, அவருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள்ள சுகமாயிட்டு. அத அவர் பத்திரிகையில எழுத, அடுத்த வருசம் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சீனாவுக்குப் போக, அமெரிக்கா முழுக்க அக்குபங்சர் பேச்சு. இதுல ஊசி மட்டும் குத்தித்தான் ஒபரேசன் செஞ்சாங்க எண்டு பிறகு கதை மாறி ஓடினது, இண்டைக்கும் வீடியோக்கள்ல அத அப்பிடியே சொல்லுறாங்க. நம்மட நாட்டுல இத பரப்பினதுல முக்கியமான ஆள் டொக்டர் அன்ரன் ஜெயசூரிய, களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில கிளினிக் வைச்சு நடத்தினவர், வெளிநாட்டு டொக்டர்மாரும் அவர்ட்ட வந்து படிச்சிட்டுப் போனாங்க.

இனி ஊசி குத்துறதப் பத்தி. பயப்படுற ஆக்கள் நினைக்கிறது இன்ஜெக்சன் ஊசிய. இது அது இல்ல, உள்ளுக்க துளையே இல்லாத, கால் மில்லிமீட்டர் அளவு தடிப்புள்ள கம்பி, தலைமயிர விட ரெண்டு மூணு மடங்குதான் தடிப்பு இருக்கும். ஒரு சின்னப் பிளாஸ்ரிக் குழாய்க்குள்ள வைச்சு தோலுல நிப்பாட்டி மேல ஒரு தட்டுத் தட்டுவாங்க, நுளம்பு கடிச்ச அளவுதான் தெரியும். பிறகு குழாய எடுத்துட்டு ஊசிய ரெண்டு விரலால மெதுவா உருட்டி உள்ளுக்க இறக்கக்குள்ள ஒரு இடத்துல பாரமா, உளைவா, கொஞ்சம் விறைச்ச கணக்கா ஒரு உணர்வு வரும், சில பேருக்கு அது கை வழியாவோ கால் வழியாவோ ஓடும். வைத்தியர் "அம்மா, இப்ப உளையுதா, இல்லாட்டி குத்துதா" எண்டு கேட்டா அது சும்மா கேக்கிறது இல்ல, உளைஞ்சா சரியான இடம், சுள்ளெண்டு மின்சாரம் அடிச்ச கணக்கா இருந்தா நரம்புல பட்டிருக்கு, உடனே சொல்லணும். 20 இல்லாட்டி 30 நிமிசம் அப்பிடியே விடுவாங்க. முழங்கால் நோவுக்குக் குத்துற ஒரு புள்ளி முழங்காலுக்குக் கீழ நாலு விரல் இறக்கி, முன்னெலும்புல இருந்து வெளிப்பக்கம் ஒரு விரல் தள்ளி இருக்கு, நீங்களே அழுத்திப் பாத்தா அந்த இடம் கொஞ்சம் உளையும். சில இடத்துல மொக்ஸா எண்டு நம்மட மரிக்கொழுந்துட சாதிச் செடி ஒண்ட காயவைச்சுப் பஞ்சாக்கி, சுருட்டிக் கொளுத்தி தோலுக்குக் கிட்டப் புடிப்பாங்க, அந்தப் புகை மணம் உடுப்புல ரெண்டு நாளைக்கு நிக்கும்.

சரி, இது எப்பிடி வேலை செய்யுது? "சீ" ஓடுற பாதை எண்டு உடம்ப வெட்டிப் பாத்தா ஒண்டும் கிடைக்கல்ல. ஆனா ஊசி குத்தினா உடம்புக்குள்ள மாற்றம் வருது, அத அளந்திருக்காங்க. மூளை தானாச் சுரக்கிற எண்டோர்பின் எண்ட நோவு குறைக்கிற சாமான் கூடுது. 1977ல ஒரு பரிசோதனையில நலொக்சோன் எண்ட மருந்தக் குடுத்தாங்க, அது எண்டோர்பின் வேலை செய்யாமத் தடுக்கிற மருந்து, குடுத்த உடனே ஊசியால வந்த சுகமும் குறைஞ்சிட்டு. பீக்கிங்ல பேராசிரியர் ஹான் ஜிஷெங் ஊசியில மெல்லிய கரண்ட் குடுத்து வருசக்கணக்கா ஆராய்ஞ்சார், செக்கனுக்கு 2 தரம் அடிச்சா ஒரு வகை, 100 தரம் அடிச்சா இன்னொரு வகைச் சுரப்பு எண்டு காட்டினார். 2010ல எலியில செஞ்ச ஆராய்ச்சியில ஊசி குத்தின இடத்துல அடினோசின் கூடி அந்த இடத்து நோவு குறையுறது தெரிஞ்சுது. அதால பழைய விளக்கம் பிழையா இருந்தாலும் ஊசிட வேலை பொய் இல்ல.

இதுலதான் ஒரு சிக்கல் இருக்கு, இத மறைக்காமச் சொல்லணும். ஜெர்மனியில 2007ல நாரி நோவு உள்ள 1162 பேர மூணாப் பிரிச்சாங்க. ஒரு பகுதிக்கு சரியான புள்ளியில ஊசி, இன்னொரு பகுதிக்கு புள்ளியே இல்லாத இடத்துல மேலோட்டமா ஊசி, மூணாவது பகுதிக்கு வழமையான குளிசை, பிசியோதெரபி, உடற்பயிற்சி. ஆறு மாசத்துக்குப் பிறகு நல்ல சுகம் எண்டு வந்தது சரியான ஊசிக்கு 47.6 வீதம், பொய் ஊசிக்கு 44.2 வீதம், வழமையான வைத்தியத்துக்கு 27.4 வீதம். நல்லா யோசிச்சுப் பாருங்க, ஊசி குத்தின ரெண்டு பகுதியும் குளிசைப் பகுதிய நல்லாவே முந்திட்டு, ஆனா எந்த இடத்துல குத்தினது எண்டுறது பெரிசா வித்தியாசம் காட்டல்ல. வேற ஆராய்ச்சிகள்ல நாடகத்துல குத்துற கத்தி மாதிரி உள்ளுக்க மடங்கிப் போற ஊசியையும் பாவிச்சுப் பாத்திருக்காங்க, குத்துப்பட்ட ஆளுக்கே வித்தியாசம் தெரியாது. 2018ல 39 ஆராய்ச்சிகள்ல இருந்த 20,827 பேர்ட தகவல ஒண்டாச் சேத்துப் பாக்கக்குள்ள உண்மை ஊசி பொய் ஊசிய விட கொஞ்சம் மேல எண்டு தெளிவா வந்தது, அந்தச் சுகம் ஒரு வருசத்துக்குப் பிறகும் பெரும்பாலும் நிண்டது. இங்கிலாந்துல மருத்துவ வழிகாட்டி எழுதுற அரச நிறுவனமே 2016ல நாரி நோவுக்கு இது வேணாம் எண்டு எடுத்துப் போட்டுட்டு, 2021ல நாட்பட்ட நோவுக்கு செஞ்சு பாக்கலாம் எண்டு சேத்திருக்கு. படிச்ச ஆக்களே இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்காங்க.

என்ட பார்வையில நோவோட இருக்கிற ஆளுக்கு இந்த வாதத்த விட முக்கியமானது, இதால பெரிய பக்கவிளைவு இல்லாம சுகம் கிடைக்குமா எண்டுறதுதான். நம்மட பக்கம் உடம்ப உடைச்சு வேலை செய்யுற சனம். முதுகுல 16 லீற்றர் டாங்கியச் சுமந்து வயலுக்கு எண்ணெய் அடிக்கிறவங்க, கல்லடி நாவலடிப் பக்கம் கரைவலை இழுக்கிறவங்க, மருதமுனையில தறியில குனிஞ்சே காலம் போன ஆக்கள். நாப்பது வயசாகக்குள்ள நாரி, தோள்மூட்டு, பிடரி எல்லாம் பிடிச்சிடும். 2006ல சிக்குன்குனியா கல்முனை, மட்டக்களப்பு எண்டு அடிச்ச நேரம் காய்ச்சல் போயும் மாசக்கணக்கா மூட்டு வீங்கிக் கிடந்த ஆக்கள் எத்தனை பேர். இவங்கள்ல கனபேர் செய்யுறது பாமசியில துண்டு இல்லாம டைக்லோபினக் எண்ட நோவுக் குளிசைய வாங்கி வருசக்கணக்காப் போடுறது, அது வயித்தையும் புண்ணாக்கி கிட்னியையும் கெடுக்கும். அந்தக் குளிசைய பாதியாக் குறைக்க ஊசி உதவுதெண்டா, அது என்ட கணக்குல பெரிய விசயம். அடிக்கடி வாற ஒற்றைத் தலையிடிக்கும் இது வாற எண்ணிக்கையக் குறைக்குது எண்டு நல்ல ஆதாரம் இருக்கு.

ஓங்காளத்துக்கு ஊசியும் தேவல்ல. உள்ளங்கைய மேல பாத்து வைச்சு, மணிக்கட்டுல முதல் ரேகையில மத்தக் கையிட மூணு விரல அகலமா வைங்க, அதுக்கு மேல, கைய மடக்கினா எழும்புற ரெண்டு நாருக்கு நடுவுல பெருவிரலால கொஞ்ச நேரம் அழுத்திப் புடிங்க. ஒபரேசனுக்குப் பிறகு வாற சத்தி ஓங்காளத்துக்கு இந்தப் புள்ளிய வைச்சு 59 ஆராய்ச்சி, 7667 பேர், பலன் இருக்கு எண்டுதான் முடிவு. கீமோ எடுக்கிற ஆக்களும் டொக்டர் தந்த சத்தி மருந்தோட சேத்து இத செஞ்சு பாக்கலாம், செலவு ஒண்டும் இல்ல.

முழு உடம்புக்கும் நல்லது எண்டு போர்ட்ல போடுறாங்களே, அதுல ஒரு உண்மை இருக்கு எண்டுதான் நான் நம்புறன், ஆனா அது அவங்க சொல்லுற உண்மை இல்ல. விடிய நாலு மணிக்கு வந்து நம்பர் எடுத்து, வெயிலுக்க இருந்து, ஓபிடியில டொக்டர்ட முகத்த ரெண்டு நிமிசம் பாத்துட்டுத் துண்டோட வாற மனிசிக்கு, ஒரு ஆள் பக்கத்துல இருந்து நித்திரை எப்பிடி, சாப்பாடு இறங்குதா, மாதவிடாய் ஒழுங்கா வருதா, மனசுல என்ன பாரம் எண்டு கேட்டு, நாடி புடிச்சு, அரை மணித்தியாலம் ஆடாம அசையாமப் படுக்க வைச்சா அதுவே உடம்புக்கு ஒரு மருந்துதான். யுத்தமும் சுனாமியும் பாத்த ஊரு இது, நோவு எங்க முடியுது கவலை எங்க தொடங்குது எண்டு பிரிக்க ஏலாத ஆக்கள் ஒவ்வொரு வீட்டுலயும் இருக்காங்க. அரசாங்க டொக்டர்மாரக் குறை சொல்லி இத எழுதல்ல, நூறு நூத்தம்பது பேர் வரிசையில நிண்டா அவங்களும் என்ன செய்யுற. சீன முறையில எனக்கு இன்னும் பிடிச்சது தாய்ச்சி, மெதுவா மூச்சு இழுத்து விட்டு கை கால அசைக்கிற பயிற்சி. முழங்கால் தேய்மானத்துக்கு அது பிசியோதெரபி அளவுக்குப் பலன் தருது எண்டு 2016ல அமெரிக்காவுல 204 பேர வைச்சுக் காட்டியிருக்காங்க, வயசான ஆக்கள் தடக்கி விழுறதையும் அது குறைக்கும். கல்லடிக் கடற்கரையில விடிய நடக்கிற ஆக்கள் ஒரு பதினைஞ்சு நிமிசம் அத சேத்துக்கொண்டா நல்லா இருக்கும்.

மூலிகைதான் எனக்குப் பயமான பகுதி. சீன மூலிகையில இருந்து உலகத்துக்கே ஒரு பெரிய மருந்து கிடைச்சிருக்கு, மலேரியாவுக்கு குடுக்கிற ஆர்ட்டிமிசினின். து யூயூ எண்ட அம்மா 1600 வருசப் பழைய குறிப்பொண்டுல செடியப் பச்சைத் தண்ணியில ஊறவைச்சுப் பிழிஞ்சு குடிக்கச் சொல்லியிருக்கிறதப் பாத்து, அப்ப சூடு பட்டா மருந்து கெடுது எண்டு பிடிச்சு, குறைஞ்ச சூட்டுல பிரிச்செடுத்தா, 2015ல நோபல் பரிசும் கிடைச்சுது. மலேரியா எண்டா என்ன, குளோரோகுயின் கசப்பெண்டா என்ன எண்டு கிழக்கு மாகாணத்துல மூத்த ஆக்களுக்கு நான் சொல்லத் தேவல்ல. ஆனா இதே மூலிகைப் பெட்டிக்குள்ளதான் அரிஸ்டோலோக்கியா சாதிச் செடியும் இருக்கு. 1990கள்ல பெல்ஜியத்துல உடம்பு மெலிய எண்டு சீன மூலிகை குடுத்த ஒரு கிளினிக்ல அந்தச் செடி மாறிக் கலந்து, நூறு பேருக்கு மேல பொம்பளைகளுக்கு கிட்னி பழுதாப் போச்சு, பிறகு கனபேருக்கு சிறுநீர்ப்பாதையில கென்சரும் வந்தது. நம்மட ஈஸ்வரமூலி அதே சாதிதான். அம்பாறை மாவட்டத்துல தெஹியத்தகண்டிப் பக்கமெல்லாம் காரணம் முழுசா விளங்காத கிட்னி வருத்தத்தால சனம் கஷ்டப்படுற நேரம், லேபல் இல்லாத தூளையும் உருண்டையையும் வாங்கி விழுங்குறது சரியான ஆபத்து. ஊசி குத்துற இடத்துல தூளும் தந்தா, உள்ளுக்க என்ன இருக்கு எண்டு எழுதித் தரச் சொல்லுங்க, எழுதித் தராட்டி வாங்க வேணாம்.

கப்பிங் பத்தியும் சுருக்கமாச் சொல்லணும், காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் ஹிஜாமாவா அது நல்லாவே புழக்கத்துல இருக்கு, சீனாக்காரரும் கீறி இரத்தம் எடுக்கிறதும் எடுக்காததும் ரெண்டும் செய்யுறாங்க, 2016 ஒலிம்பிக்ல மைக்கல் பெல்ப்ஸ்ட தோளுல இருந்த வட்ட அடையாளம் இரத்தம் எடுக்காத வகை. மார்க்க ரீதியாச் செய்யுற ஆக்கள்ட நம்பிக்கைய நான் தொட வரல்ல. பிடரி, நாரி நோவுக்கு கொஞ்ச நாளைக்குச் சுகம் தருது எண்டு சின்னச் சின்ன ஆராய்ச்சிகள் இருக்கு. ஆனா வெளிய வாறது நச்சு இரத்தம் இல்ல, தோலுக்குக் கீழ ஓடுற நம்மட சாதாரண இரத்தம்தான். பிளேட்டும் கப்பும் ஒரு ஆளுக்கு ஒண்டு எண்டு இருக்கணும், இல்லாட்டி ஹெப்படைற்றிஸ் பி வரலாம். சீனி கூடின ஆளுக்கு அந்தக் கீறல் லேசுல ஆறாது, இரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல் போடுற ஆக்கள் கிட்டவும் போகக் கூடாது.

சீனிக் கதைக்கு வாறன். ஊசி குத்தாம விரலால தொட்டே சுகமாக்குறம், எல்லாக் குளிசையையும் குப்பையில போடு எண்டு தமிழ்ல ஓடுற வீடியோக்களாலதான் எனக்கு இவ்வளவும் எழுத வேண்டி வந்தது. சின்ன வயசுல இருந்து இன்சுலின் போடுற பிள்ளைக்கு அத நிப்பாட்டினா சில நாளுக்குள்ளயே இரத்தம் அமிலமாகி உசிருக்கே ஆபத்து. பெரிய ஆக்கள்ட சீனி அப்பிடி உடனே காட்டாது, குளிசைய நிப்பாட்டி ஒரு மாசம் நல்லாத்தான் இருக்கும், "பாத்தியா, ஒண்டும் ஆகல்ல" எண்டு தோணும், அந்த நேரமெல்லாம் கண்ணுட பின்பக்கமும் கிட்னியும் கால் நரம்பும் சத்தமில்லாமப் போய்க்கொண்டிருக்கும். பிரஷரும் அப்பிடித்தான், ஒருநாள் பாரிசவாதத்துலதான் தெரிய வரும். சீனாவிலயே பெரிய சீன வைத்திய ஆஸ்பத்திரிகள்ல சீனி நோயாளிக்கு இன்சுலின், மெற்போமின் குடுத்துக்கொண்டுதான் பக்கத்துல ஊசியும் குத்துறாங்க, இத சொல்லித் தாறதுக்கு வீடியோவுல ஆள் இல்ல.

போறதெண்டு முடிவெடுத்தா, முதல்ல ஆஸ்பத்திரியில ஒரு டொக்டர்ட்ட காட்டி நோவுக்குக் காரணம் என்ன எண்டு தெரிஞ்சுகொண்டு போங்க, நாரி நோவோட கால் பெலன் குறைஞ்சாலோ மூத்திரம் அடைச்சாலோ அது ஊசிக்குரிய வருத்தம் இல்ல, அண்டைக்கே ஆஸ்பத்திரிதான். ஆள் எங்க படிச்சவர், ஆயுர்வேத வைத்திய சபையிலயோ மருத்துவ சபையிலயோ பதிவு இருக்கா எண்டு கேளுங்க, கேட்டா கோவிக்கிற ஆள்ட்ட போகத் தேவல்ல. ஊசி பக்கெட் உங்கட கண்ணுக்கு முன்னால உடைபடணும். வெறும் வயித்தோட போகாதீங்க, முதல் தரம் படுத்துக்கொண்டே குத்தச் சொல்லுங்க, சில பேருக்குத் தலை சுத்தும். தோளுக்கு மேல, நெஞ்சுப் பக்கம் ஆழமாக் குத்த விட வேணாம், மெலிஞ்ச ஆளுக்கு நுரையீரலுல துளை விழுந்து காத்து வெளியேறின சம்பவங்கள் மருத்துவப் பதிவுகள்ல இருக்கு, ஊசி குத்தின பிறகு மூச்சு வாங்கினா நேர ஆஸ்பத்திரி. பிள்ளைத்தாச்சி எண்டா முதல்லயே சொல்லணும், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவுல இருக்கிற புள்ளியும் கணுக்காலுக்கு உள்பக்கம் நாலு விரல் மேல இருக்கிற புள்ளியும் அந்த நேரம் குத்த மாட்டாங்க. ஆறு தரம் போயும் நோவுல ஒரு மாற்றமும் இல்லாட்டி காச மிச்சம் புடிங்க, இருபது தரத்துக்கு முற்பணம் கட்டச் சொன்னா கட்டாதீங்க. கிளினிக்குக்குப் போற நாளுல ஊசிக்குப் போறத டொக்டர்ட்ட ஒளிக்காமச் சொல்லுங்க, கொப்பியில அதையும் எழுதிக்கொள்ளட்டும்.